நடுத்தட்டு

மர அலமாரியை ஈரத்துணியால தொடைக்கக் கூடாதும்மா. எல்லாரும் பண்ற தப்பு அதான். பளிச்சுனு ஆகணும்னு தண்ணியை வாரி ஊத்தித் தேய்ப்பாங்க. ரெண்டு மழைக்காலம் தாண்டாது, கதவு உப்பிக்கும், மூட மாட்டேன்னு அடம் புடிக்கும். முதல்ல காஞ்ச துணி, பழைய வேட்டித் துணியா இருந்தா இன்னும் நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு ஜாஸ்தியா இருக்கற எடத்துல மட்டும் சீயக்காய்த் தண்ணியில துணியை நனைச்சு, சொட்டாத அளவுக்குப் புழிஞ்சு, மரத்துல ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமா இழுக்கணும். இழுத்த கையோட காஞ்ச துணியால ஒத்தி எடுத்துடணும்.

உட்காரு நந்தினி. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோ. ஆபீஸ் உத்தியோகம் பாக்கற பொண்ணை நீ வா போன்னு பேசறாளேன்னு நெனைச்சுக்காத. உன்னைப் பாவாடை கட்டின வயசுல பாத்தது, நாக்குல அதான் வருது. வாசல்ல நீ செருப்பைக் கழட்டறப்பவே வள்ளி பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு. நெத்தியும் நிக்கற நிப்பும் அப்படியே உங்கம்மா.

நீ கேட்டது ஒரே கேள்வி. "எங்கம்மா உங்க அலமாரிக்குள்ள கை வச்சாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்"ன்ன. உங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கறா, கஞ்சி கூட எறங்கலன்ன. அடி அண்ணாமலையில பதினாலு வருஷமா அவ கையால யாரும் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலன்ன. சாவறதுக்குள்ள அந்தப் பேரு போகணும், அதுக்கு ஜோதியம்மா வாயால ஒரு சொல்லு வேணும்னு கேட்ட. சத்தம் போடாமதான் கேட்ட. நீ சத்தம் போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலுவா இருந்திருக்கும்.

சொல்றேன். எடுத்த எடுப்புல சொல்ல எனக்கு வரல. இந்த அலமாரியிலேருந்து ஆரம்பிச்சாத்தான் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோ.

இது எங்க வீட்டுக்காரரு ஊர்ல இருந்த பழைய வீட்டைப் பிரிச்சப்ப வந்த தேக்கு. கதவு, உத்தரம், நிலை எல்லாத்தையும் வண்டியில ஏத்தி இங்க செங்கம் ரோட்டுக்குக் கொண்டாந்து, ஆதிமூலம்னு ஒரு ஆசாரியை வச்சு சமையல்கட்டுச் சுவர் முழுக்க அடிச்சோம். அப்ப இந்தத் தெருவுல எல்லார் வீட்டுலயும் சிமெண்ட் தட்டுதான், மேல ஒரு பழைய சேலையைத் திரையா தொங்க விட்டிருப்பாங்க. என் சமையல்கட்டைப் பாக்கறதுக்குன்னே பொம்பளைங்க வருவாங்க. ஆசிரமத்துக்கு வந்து எங்க மாடி ரூம்ல வாடகைக்குத் தங்கற வெள்ளைக்காரங்க கூட ஒரு தரம் தடவிப் பாத்துட்டுத்தான் போவாங்க. எனக்குப் படிப்பு கம்மி, நகை நட்டும் பெருசா கெடையாது. ஆனா ஜோதியம்மா சமையல்கட்டுன்னா ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரைக் காப்பாத்தறதுதான் எனக்கு வேலையே.

உங்கம்மா வேலைக்கு வந்த மொத நாளே சொல்லிட்டேன். "வள்ளி, வெளிப்பக்கம் உன்னுது, உள்பக்கம் என்னுது. கதவு, பிடி, கால் எல்லாம் நீ தொடச்சுக்கோ. கதவைத் தொறந்து உள்ள கை வைக்கற வேலை மட்டும் வேணாம்"னு. பாத்திரம் தேய்க்கற கை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும், உள்தட்டு ஈரம் பட்டா பூசணம் புடிக்கும், அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். கேக்கறவங்களுக்கெல்லாம் இந்தக் காரணத்தைத்தான் சொல்லுவேன். அவ தண்ணி குடிக்கற டம்ளரும் உள்ள இருக்காது, அந்த ஜன்னல்லதான் கவுத்து வச்சிருக்கும். அதுக்கும் ஏதோ ஒரு காரணம் வச்சிருந்தேன். இப்ப நெனைவுக்கு வரல.

வள்ளி ஒண்ணும் கேட்டுக்கல. "சரிம்மா"ன்னா, அவ்வளவுதான். கதவை அவ தொடச்சா மொகம் தெரியும். கீல்ல தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுட்டு, கிறீச்சுனு சத்தம் நின்னதும் அவளா சிரிச்சுக்குவா. நல்லவம்மா உங்கம்மா. இதை நான் அன்னிக்கே நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கணும்.

தொண்ணூத்தி ரெண்டு கார்த்திகை. அந்த வருஷம் மழை விடாமப் பேஞ்சு சுவரெல்லாம் ஓதம். தீபத்துக்கு மொத நாள் காலையில பாக்கறேன், நடுத்தட்டுப் பலகைக்குப் பின்னாடி மண்ணு கோடு கோடா ஏறியிருக்கு. கரையான். தட்டினா பலகை பொத்து பொத்துனு சத்தம் போடுது, நடுவுல ஒரு விரிசல் வேற. எனக்கு உசுரே போச்சு. சொந்தக்காரங்க, மாடியில ரூம் எடுத்தவங்கன்னு வீடு கொள்ளாத ஜனம் வரப்போவுது. எங்க ஓரகத்தி வேற வராங்க. அவங்க வந்ததும் மொதல்ல போற எடம் என் சமையல்கட்டு, குத்தம் கண்டுபுடிக்காம காப்பி குடிக்க மாட்டாங்க.

எங்க வீட்டுக்காரரு, கோதண்டராமன், மல்லாட்டை வயலுக்கு வாங்கின பூச்சிப் பொடி மிச்சம் இருந்ததைக் கொண்டாந்து குடுத்தாரு. வெள்ளைப் பொடி. ஊர்ல வெதைக்கும் அதான், எறும்புக்கும் அதான், கரையானுக்கும் அதான், அதனால எங்களுக்கு அது பெருசாத் தெரியல. ஆனா அவரு அன்னிக்கு நல்லாத்தான் சொன்னாரு. "ஜோதி, உள்ள இருக்கற சாமானை ஒண்ணு விடாம வெளிய எடுத்து வச்சுட்டுப் போடு. திங்கற பண்டத்துக்குப் பக்கத்துல கொண்டு போகாத. தீபம் முடிஞ்சு பொறுமையாப் பண்ணிக்கலாம், இப்ப வேணாம்"னாரு.

நான் கேக்கல. தீபம் முடியறதுக்குள்ள எங்க ஓரகத்தி அந்த மண்ணுக் கோட்டைப் பாத்துடுவாங்க. சாமானை எல்லாம் வெளிய எடுத்தா வைக்க எடமும் இல்ல. நடுத்தட்டுல இருந்த டப்பாவை மட்டும் தள்ளி வச்சுட்டு, வெளக்குமாத்துக் குச்சியால பொடியை விரிசலுக்குள்ள குத்திக் குத்தி எறக்கினேன். மேல சிந்தினதைத் துடைச்சேன், மண்ணைச் சொரண்டினேன், எண்ணெய் போட்டு இழுத்தேன். புதுப் பலகை மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு நேர் கீழ்த்தட்டுல, மறுநாள் கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசி மாவு தாம்பாளத்துல ஆறிக்கினு இருந்துச்சு. சூட்டோட மூடினா வேர்த்துக் கட்டி தட்டிடும்னு மூடாம வச்சிருந்தேன்.

இப்பப் புரியுது இல்ல உனக்கு. கொஞ்சம் இரு, நான் வேகமாச் சொல்ல மாட்டேன். வேகமாச் சொன்னா நடுவுல எதையாவது முழுங்கிடுவேன்.

தீபத்தன்னிக்கு எங்க வீட்டுல எப்படின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். மலையில தீபம் ஏறி, கண்ணால பாத்து, கையெடுத்துக் கும்பிட்டு, படையல் போட்ட பொறவுதான் சாப்பாடு. அதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணி பல்லுல படாது. பெருசுங்களிலேருந்து சின்னதுங்க வரைக்கும் அப்படித்தான். சமைக்கறவ உப்பு கூடப் பாக்க மாட்டா, வாசனையை வச்சுத்தான் பதம்.

மத்தியானம் மாவை எடுத்தேன். மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி ஒரு மக்கின வாசனை வந்துச்சு. லேசாத்தான். ஓதமா இருக்கும்னு சல்லடையில சலிச்சேன். வெல்லப் பாகு ஊத்திப் பிசைஞ்சதும் ஏலக்காய் வாசனைதான் தூக்கலா இருந்துச்சு. மொத ஈடு வெந்து எறக்கினேன். ஒண்ணைப் பிட்டு மோந்து பாத்தேன். வருதா வரலையான்னு என்னால சொல்ல முடியல. வாயில போட்டுப் பாக்க வெரதம் தடுத்துச்சு.

வெரதம்தான் தடுத்துச்சுன்னு ரொம்ப வருஷம் சொல்லிக்கினு இருந்தேன்.

மாவைக் கொட்டிட்டு வேற அரைக்கலாம்னா மெஷின்காரரு கடையைப் பூட்டிட்டு மலை சுத்தப் போயிட்டாரு. கொட்டறதுன்னாலும் எதுக்குக் கொட்டறேன்னு கேப்பாங்க. திங்கற பண்டத்துக்கு மேல பூச்சிப் பொடி போட்டேன்னு எங்க ஓரகத்தி எதுர்ல நான் சொல்லணும். புருஷன் வேணாம்னு சொல்லியும் போட்டேன்னு சொல்லணும். ஜோதியம்மா சமையல்கட்டு அன்னியோட சிரிப்பாச் சிரிச்சிருக்கும். அடுப்பு முன்னாடி நின்னுக்கினு அதைத்தான் நெனைச்சேன். வேற எதையும் நெனைக்கலன்னு சொல்லவே அசிங்கமா இருக்கு நந்தினி, ஆனா அதான் நெசம்.

எம் பையன் பாலாஜி அப்ப ஒண்ணாங்கிளாஸ். வாசனைக்கு ஓடியாந்து கையை நீட்டினான். பளார்னு கையில ஒண்ணு வச்சேன். "தீபம் பாக்காம திங்கறியா, சாமி கண்ணைக் குத்தும்"னு வெரட்டினேன். அழுதுக்கினே மாடிக்குப் போயிட்டான்.

அந்த நேரம் உங்கம்மா பாத்திரத்தையெல்லாம் கவுத்துட்டு வந்து, கதவுக்கு அந்தாண்ட நின்னா. "யம்மா, நான் கெளம்பட்டுமா? சின்னவன் தீபம் பாக்கணும்னு காலையிலேருந்து குதிச்சுக்கினு கெடக்கறான்"னா. சின்னவன்னா காசி, உன் தம்பி. அவனையும் நான் பாத்திருக்கேன். இந்த வாசப்படியில உக்காந்து சோப்பு நொரையில ஊதி வெளையாடுவான்.

நான் வாழை இலையைக் கிழிச்சு, மொத ஈட்டுலேருந்து கொழுக்கட்டையை எடுத்து வச்சு நீட்டினேன். வள்ளி வாங்கல. "இன்னும் படைக்கலியேம்மா"ன்னா. இந்த வீட்டுல அத்தனை வருஷம் இருந்தவளுக்கு மொறை தெரியாதா. சாமிக்கு, விருந்தாளிக்கு, வீட்டு ஆம்பளைங்களுக்கு, எங்களுக்குன்னு எல்லாம் ஆகி, மிச்சம் இருந்தா மறுநாள்தான் அவளுக்குப் போகும். நான் சிரிச்சேன். "கொழந்தைக்குக் குடுத்தா சாமிக்குக் குடுத்த மாதிரிதான் வள்ளி, வாங்கிக்கோ. நீ ஒண்ணு இங்கயே சாப்பிட்டுட்டுப் போ"ன்னேன். அவ மொகம் மலர்ந்துபோச்சு. "மொத ஈடு எங்களுக்காம்மா"ன்னு கேட்டா. ஓரத்துல துளியூண்டு பிட்டு வாயில போட்டுக்கினு, மீதியை இலையோட முந்தானையில முடிஞ்சுக்கினா.

உங்கம்மா சாப்பிடணும்னுதான் நெனைச்சேன். பெரிய ஒடம்பு, தாங்கும், ஏதாவது ஆனா தெரிஞ்சுடும், தீபத்துக்கு இன்னும் நேரம் இருக்கு, ஒண்ணும் ஆகலன்னா தைரியமாப் படைச்சுக்கலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கொழந்தை சாப்பிடும்னு நான் நெனைக்கல.

இல்ல. அதுவும் பொய். கொழந்தை பேரைச் சொன்னதே நான்தான். கொழந்தை பேரைச் சொன்னாத்தான் அவ வாங்குவான்னு தெரிஞ்சு சொன்னேன்.

நீ அன்னிக்கு மலை சுத்தற கூட்டத்தோட போயிருந்தன்னு பொறவு கேள்விப்பட்டேன். நீ வீட்டுல இருந்திருந்தா உன் பங்கும் இருந்திருக்கும்.

பொழுது சாய எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிட்டோம். மழை விட்டு மலை கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு. உச்சியில சுடர் தெரிஞ்சதும் ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா"ன்னு கத்துது. நானும் கத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டுக்கினே ஓரக்கண்ணால தெருவைத்தான் பாத்துக்கினு இருந்தேன், யாராவது வராங்களான்னு. யாரும் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. கீழ எறங்கிப் படையல் போடலாம்னு படியில கால் வைக்கறேன், உங்கப்பா சின்னசாமி கேட்டைப் புடிச்சுக்கினு நிக்கறாரு. சட்டை கூட இல்ல.

"யம்மா, புள்ளைக்கு இழுத்துக்கினு இருக்குதும்மா, ஆஸ்பத்திரியில போட்டிருக்கோம். வள்ளி வேற வாந்தியா எடுக்கறா. நீங்க குடுத்த கொழுக்கட்டை தின்னதுலேருந்துதான்னு சொல்றா. அதுல இன்னா இருந்துச்சும்மா? இன்னா மருந்துன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்க வைத்தியம் பாக்கலாம், ஓடிப் போய்க் கேட்டுக்கினு வான்னு டாக்டரு அனுப்புனாரு"ன்னாரு.

எனக்குப் பின்னாடி படியில வீடே நிக்குது. எங்க ஓரகத்தி மொத படியில.

நான் சொன்னேன். "நான் ஒண்ணும் குடுக்கலியே சின்னசாமி."

அவ்வளவுதான் சொன்னேன். கொரலைக் கூட ஒசத்தல. உங்கப்பா திரும்பவும் கேட்டாரு. "தெரிஞ்சா சொல்லும்மா, ஒங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம், புள்ளை பொழைச்சாப் போதும்"னாரு. எனக்குப் பொடியோட பேரு தெரியும். டப்பா கொல்லையில கூரையில சொருகி இருந்துச்சு, பத்து அடி எடுத்து வச்சா எடுத்துக் கையில குடுத்திருக்கலாம். நான் தலையைத்தான் ஆட்டினேன். அவரு போயிட்டாரு. செருப்பு கூட இல்லாம ஓடினாரு.

எங்க வீட்டுக்காரரு என்னையே பாத்தாரு. அவருக்குப் பொடி குடுத்த நெனைவு வந்திருக்கும். நான் அவரைப் பாக்காம சமையல்கட்டுக்கு வந்து, ஈடு அத்தனையும் கொல்லையில முருங்கை மரத்தடியில பொதைச்சுட்டு, பாகு முறிஞ்சு போச்சு, உப்புமா கிண்டறேன்னு சொன்னேன். உப்புமா நல்லா வந்துச்சுன்னு எல்லாரும் சாப்பிட்டாங்க. விடியறதுக்குள்ள காசி போயிட்டான்.

அந்த நேரம் ஒரு பேரைச் சொல்லியிருந்தா புள்ளை பொழைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது. யாரையும் போய்க் கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிடுவாங்களோன்னுதான் கேக்கல.

மறுநாள் உங்க தெருக்காரங்க வந்தாங்க. பூச்சி மருந்துதான்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னு போலீஸ்காரரு ஒருத்தரும் வந்தாரு. உங்கம்மா நடக்க முடியாம ரெண்டு பேர் தாங்கலா வந்து, இந்த வாசல்ல உக்காந்து, "மொத ஈடு எடுத்து என் கையில குடுத்தீங்களேம்மா, சொல்லுங்கம்மா"ன்னா. அவ சொன்னதுல ஒரு எழுத்து கூடப் பொய் இல்ல. ஆனா யாரு நம்புவாங்க? தீபம் ஏறாம, சாமிக்குப் படைக்காம, பெத்த புள்ளையையே அடிச்சு வெரட்டினவ, மொத ஈட்டை எடுத்து வேலைக்காரிக்குக் குடுத்தாளாம்னா யாரு நம்புவா? உங்க தெரு ஜனங்களே நம்பல. அவங்க வேலை செய்யற வீட்டுலயும் அதே மொறைதானே. "வள்ளி, அந்த வீட்டுல அப்படிக் குடுக்க மாட்டாங்களே"ன்னு அவ பக்கத்துல நின்ன பொம்பளையே சொன்னா.

அவ திருடினான்னு நான் சொல்லல. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஜோதியம்மா வாயிலேருந்து அந்த வார்த்தை வரலன்னு. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். போலீஸ்காரரு என்னைப் பாத்தப்ப, "நான் மாடிக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், அலமாரிக் கதவு தொறந்து கெடந்துச்சு"ன்னேன்.

மிச்சத்தை அவங்களே சேத்துக்கிட்டாங்க. வேணாம்னு சொன்ன அலமாரியை வள்ளி தொறந்துருக்கா, எங்கயோ பூச்சிப் பொடி தொட்ட கையோட மாவை அள்ளிக்கினு போயி வீட்டுல புடிச்சு அவிச்சுருக்கா, பெத்த புள்ளைக்கே எமனாயிட்டான்னு ஆயிப்போச்சு. எங்க ஓரகத்தி என் தோளைப் புடிச்சுக்கினு, "நல்ல வேளை ஜோதி, நம்ம புள்ளைங்க தப்பிச்சுது"ன்னாங்க. அன்னிக்கு வரைக்கும் அவங்க என்னைத் தொட்டுப் பேசினதே கெடையாது.

அதுக்கப்பறம் நடந்ததெல்லாம் என்னை விட உனக்குத்தான் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில உங்கம்மா மோர்ப் பானை வச்சு உக்காந்தா, ஊர்க்காரங்களே வரவங்களை அந்தாண்ட திருப்பி விட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்கப்பா கடைசி வரைக்கும் அவ கையால வாங்கிச் சாப்பிடலன்னும் சொன்னாங்க. ஒருக்கா நான் மலை சுத்தறப்ப அவளைப் பாத்தேன். பானை நெறைய மோரோட தனியா உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னா. வேலைக்கு இருந்த பழக்கம், எழுந்துட்டா. நான் தலையைக் குனிஞ்சுக்கினு, தாகத்தோட தாண்டிப் போயிட்டேன். செத்துடலாம் போல வெக்கமா இருந்துச்சு, ஆனா நின்னு ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கல. நான் குடிச்சிருந்தா அன்னிக்கே அந்தப் பேரு போயிருக்கும், அது எனக்குத் தெரியும்.

இரு, கதவைத் தொறந்து காட்டறேன். நீ அங்கேருந்தே பாரு. நடுத்தட்டு, இதோ. விரிசல் எங்கன்னு தெரியுதா? தெரியாது. காசி போன மறுநாள் மெழுகை உருக்கி, மரத்தூளைக் கலந்து, நானே அடைச்சேன். காஞ்சதும் தேய்ச்சு, எண்ணெய் போட்டேன். அன்னிலேருந்து மாசத்துக்கு ஒரு தரம் இந்தப் பலகைக்கு மட்டும் தனியா எண்ணெய். கதவுக்கு வேற ஆள் வச்சுத் தொடைச்சேன், இதை யார் கிட்டயும் விடல. சரி, கதவை மூடிடறேன். பாலாஜி அடுத்த வாரம் சென்னையிலேருந்து ஆள் கூட்டிக்கினு வரான். இதெல்லாம் பழசாயிடுச்சாம், கழட்டிப் போட்டுட்டு சன்மைக்கா ஒட்டினதா பளபளன்னு வைக்கப் போறானாம். இதைக் கழட்டறதை நெனைச்சா எனக்கு நெஞ்சை அடைக்குது. அவங்கப்பா செத்தப்ப கூட இப்படி அடைக்கல.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதைச் சொல்லாம விட்டா இத்தனை நேரம் சொன்னதுக்கு அர்த்தமில்ல.

வாசனை வருதா வரலையான்னு சந்தேகமா இருந்துச்சுன்னு சொன்னேன் பாரு, அது சந்தேகம் இல்ல. மாவைச் சலிக்கறதுக்கு முன்னாடியே குனிஞ்சு நடுத்தட்டுக்கு அடியில வெரலை வச்சு இழுத்துப் பாத்தேன். வெரல் வெள்ளையாயிடுச்சு. மோந்தேன். அதே வாசனை. கையை மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அப்புறம்தான் அந்த மாவைப் பிசைஞ்சேன். பாலாஜி கையை நான் தட்டி விட்டது சாமிக்காக இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்கம்மா கையில குடுத்தேன்.

அழுவாத. இல்ல, அழு.

நான் வரேன் நந்தினி. நாளைக்குக் காலையில ஆட்டோ வச்சுக்கினு நானே அடி அண்ணாமலைக்கு வரேன். தெருவுல எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்து. வள்ளி ஒரு நாளும் என் அலமாரியைத் தொறந்ததில்ல, குத்தம் என்னுதுன்னு அவ கட்டில் பக்கத்துல நின்னு சொல்றேன். போலீசு வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். அவ கையால ஒரு டம்ளர் தண்ணியும் எல்லாரும் பாக்க வாங்கிக் குடிக்கறேன். இப்பச் சொல்லிட்டதும் பாரம் எறங்கின மாதிரி இருக்கு. எம் மனசுல இனிமே ஒரு வித்தியாசமும் கெடையாதும்மா. உன்னையும் எம் பொண்ணாத்தான் நெனைக்கறேன்.

கண்ணைத் துடைச்சுக்கோ. தண்ணி குடி. பானை அந்த மூலையில இருக்கு.

இரு, இரு. அந்த அலமாரிக் கதவைத் தொறக்காத. உள்ள இருக்கறதை நான்தான் எடுக்கணும், நீ கையை எடு. ஜன்னல்ல ஒரு டம்ளர் கவுத்து வச்சிருக்கும் பாரு, அதை எடுத்துக்கோ.

அவ்வளவுதான், பாரு, சொன்னதும் கையை எடுத்துட்ட. உங்கம்மாவும் இப்படித்தான், ஒரு தரம் சொன்னாப் போதும்.